எடை குறைப்பு அறுவை சிகிச்சை: ஆஸ்பத்திரிக்குப் போகும் முன் அடுப்படியில் செய்ய வேண்டியது

திருமங்கலத்திலிருந்து ஒரு தங்கை கேட்டிருக்கிறார்: "அக்கா, என் வீட்டுக்காரருக்கு 41 வயது. உயரம் 170 செ.மீ., எடை 128 கிலோ. ஆறு வருஷமாகச் சுகர், மாத்திரை மட்டும்தான். ராத்திரி பயங்கரக் குறட்டை, பகலில் கடையில் உட்கார்ந்தபடியே தூங்கிவிடுகிறார். கீழமாசி வீதியில் மளிகை மொத்த வியாபாரம். டாக்டர் ஸ்லீவ் ஆபரேஷன் செய்யலாம் என்கிறார். அத்தையோ, நல்லா இருக்கிற வயித்தை அறுத்து எறியுறதா என்று அழுகிறார். முன்னாலும் பின்னாலும் நாங்கள் என்னவெல்லாம் செய்ய வேண்டும்?"

நான் மதுரையில் உணவு ஆலோசகர். பத்து வருஷத்துக்கு மேலாக இந்த ஆபரேஷன் செய்துகொள்பவர்களோடுதான் என் வேலை. என் சொந்த அண்ணனே 2018-ல் செய்துகொண்டார். அதனால் இதில் பாதி தொழில் பேசும், பாதி அந்த அண்ணனின் தங்கச்சி பேசுவாள். நான் அறுவை மருத்துவர் இல்லை. உங்கள் டாக்டர் வேறு மாதிரிச் சொன்னால் அவர் சொல்வதைக் கேளுங்கள்.

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். அவருடைய பி.எம்.ஐ., அதாவது உயரத்துக்கு எடை எவ்வளவு கூடுதல் என்று காட்டும் எண், 44-ஐத் தாண்டுகிறது. இந்தியர்களுக்கு நம் மருத்துவர்கள் பல வருஷமாகப் பின்பற்றும் அளவுகோல் இது: வேறு நோய் இல்லாவிட்டால் 37.5-க்கு மேல், சுகர் மாதிரி கூட நோய் இருந்தால் 32.5-க்கு மேல். 2022-ல் வந்த சர்வதேச வழிகாட்டல் ஆசியர்களுக்கு 27.5-லிருந்தே யோசிக்கலாம் என்று இன்னும் கீழே இறக்கிவிட்டது. நமக்கு உடம்பு அவ்வளவு பெருக்காமலே வயிற்றில் கொழுப்பு சேர்ந்து சுகர் வந்துவிடுகிறது, அதனால்தான் தனி அளவு. எப்படிப் பார்த்தாலும் உங்கள் வீட்டுக்காரர் தகுதிக்குள் வருகிறார். டாக்டர் வியாபாரம் பேசவில்லை.

இன்சூரன்ஸ் வேறு கணக்குப் போடும். பாலிசிகளில் இருக்கும் பொதுவான விதிப்படி 18 வயதுக்கு மேல், டாக்டரின் பரிந்துரையோடு, பி.எம்.ஐ. 40 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். 35-லிருந்து 40-க்குள் இருந்தால் கட்டுப்படாத சுகர், கடுமையான தூக்க மூச்சுத்திணறல், இதய நோய் என்று ஏதாவது கூட இருக்க வேண்டும். சுகரோடு 34-ல் இருப்பவரை டாக்டர் 'செய்யலாம்' என்பார், இன்சூரன்ஸ்காரர் 'முடியாது' என்பார். பலருக்கு இந்த இடத்தில்தான் சண்டை. உங்களுக்கு அந்தச் சிக்கல் இல்லை. ஆனால் காத்திருப்புக் காலம் முடிந்துவிட்டதா, முன்பே இருந்த சுகரைப் பாலிசி எடுக்கும்போது சொல்லியிருந்தீர்களா என்று பாருங்கள். முன் அனுமதியை வாய் வார்த்தையாக ஏற்காதீர்கள், எழுத்தில் வாங்குங்கள். இன்னொரு விஷயம்: ஆபரேஷனுக்கு முந்தைய உணவுத் திட்டத்தில் எடை இறங்கும். அதனால் முதல் நாள் அளந்த உயரமும் எடையும் டாக்டர் சீட்டில் தேதியோடு இருக்கட்டும்.

சரி, அத்தையின் கண்ணீருக்கு வருவோம். 'நல்லா இருக்கிற வயிறு' என்கிறாரே, அதற்கு என்னிடம் பதில் உண்டு. ஸ்லீவில் இரைப்பையின் முக்கால் பாகத்துக்கு மேல் எடுத்துவிடுகிறார்கள். மிச்சம் ஒரு வாழைப்பழம் மாதிரி நீளமாக, சுமார் 100 - 150 மில்லி பிடிக்கிற குழாயாக நிற்கும். எடுக்கிற மேல்பாகத்தில்தான் கிரெலின் என்கிற பசி ஹார்மோன் அதிகமாகச் சுரக்கிறது. அதுவும் கூடவே போவதால், முதல் சில மாதங்களுக்குப் பசியே மறந்துபோகும். என் அண்ணன் 'சாப்பிட்டேனா இல்லையா' என்று அண்ணியைக் கேட்ட நாட்கள் உண்டு. வாழ்நாள் முழுக்கப் பசியோடு மல்லுக்கட்டியவருக்கு அது எப்பேர்ப்பட்ட விடுதலை என்று ஒல்லியாக இருக்கிற நமக்குப் புரியாது.

பைபாஸ் என்பது இரண்டாவது வழி. இரைப்பையின் மேல் முனையில் 30 மில்லி அளவுக்கு ஒரு சின்னப் பையை மட்டும் பிரித்து, அதைச் சிறுகுடலின் நடுப்பகுதியில் நேராக இணைப்பார்கள். சுகருக்கு இது இன்னும் கொஞ்சம் வலுவான வைத்தியம், நெஞ்செரிச்சல் அதிகம் இருப்பவர்களுக்கும் இதுவே நல்லது. ஸ்லீவ் செய்தால் நெஞ்செரிச்சல் புதிதாக வரலாம், இருப்பது கூடலாம். ஆகவே வாய் வழியாகக் கேமராவை விட்டு இரைப்பையைப் பார்க்கும் எண்டோஸ்கோப்பி முடிந்த பிறகு "இவருக்கு ஏன் ஸ்லீவ், ஏன் பைபாஸ் இல்லை?" என்று கேளுங்கள். நல்ல டாக்டர் கோபப்பட மாட்டார். ஆறு வருஷச் சுகர், இன்சுலின் இல்லை என்பது நல்ல சகுனம். வருஷம் ஏற ஏற, ஊசிக்குப் போகப் போக, சுகர் முழுக்க அடங்கும் வாய்ப்பு குறையும்.

அத்தை பயப்படுவதில் அர்த்தம் இல்லாமல் இல்லை. 2024-ல் சென்னையில் இந்த ஆபரேஷனுக்குப் போன இளைஞர் ஒருவர் இறந்துபோய், அரசு விசாரணை வரைக்கும் போனது. அந்த மாதம் என்னிடம் வருவதாக இருந்தவர்களில் பாதிப்பேர் வரவே இல்லை. அனுபவமுள்ள இடங்களில் இதன் உயிர் ஆபத்து ஆயிரத்தில் ஒன்று என்கிற கணக்கில், பித்தப்பை ஆபரேஷனுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. இன்னொரு பக்கம், ஸ்வீடனில் 1987-ல் தொடங்கி நாலாயிரம் பேரைப் பல வருஷம் பின்தொடர்ந்த ஆய்வில், ஆபரேஷன் செய்துகொண்டவர்களிடம் இறப்பு குறைவாக இருந்தது. ஆனால் 'அனுபவமுள்ள இடம்' என்ற வார்த்தை முக்கியம். தீவிர சிகிச்சைப் பிரிவு அதே கட்டடத்தில் இருக்கிறதா, ராத்திரி இரண்டு மணிக்கு ஏதாவது ஆனால் யார் வருவார், பருமனானவர்களுக்கு மயக்கம் கொடுத்துப் பழகிய டாக்டர் இருக்கிறாரா, இந்த டாக்டர் வருஷத்துக்கு எத்தனை செய்கிறார் - இந்த நாலையும் கேட்காமல் தேதி வாங்காதீர்கள். பேக்கேஜ் விலை குறைவு என்ற ஒரே காரணத்துக்காக யாரும் எங்கேயும் போக வேண்டாம்.

பரிசோதனைப் பட்டியல் நீளமாக இருக்கும், ஆஸ்பத்திரியே எழுதித் தரும்: இரத்தம், தைராய்டு, இதய எக்கோ, வயிற்று ஸ்கேன், எண்டோஸ்கோப்பி, பி12, டி வைட்டமின், இரும்புச்சத்து, மனநல ஆலோசனை. மனநல ஆலோசனை என்றதும் 'அவருக்கென்ன பைத்தியமா' என்று சண்டைக்கு வராதீர்கள். கவலை வந்தால் சாப்பிடுகிற ஆளா, குடி எவ்வளவு, பின்னால் வரும் மாற்றங்களைத் தாங்குவாரா என்று பார்க்கத்தான் அது. உங்கள் விஷயத்தில் நான் எல்லாவற்றுக்கும் மேலே வைப்பது தூக்கப் பரிசோதனை. குறட்டையும் பகல் தூக்கமும் சேர்ந்தால் ராத்திரி மூச்சு நின்று நின்று வருகிறது என்றுதான் நான் சந்தேகப்படுவேன். அது தெரியாமல் மயக்கம் கொடுப்பது ஆபத்து. அப்படி இருந்தால், தூங்கும்போது முகமூடி வழியாகக் காற்றை அழுத்தித் தரும் சிபாப் மெஷினைச் சில வாரம் முன்பே வீட்டில் போட்டுப் பழகி, ஆஸ்பத்திரிக்கும் கையோடு கொண்டுபோக வேண்டும். சிகரெட் இருந்தால் குறைந்தது ஆறு வாரம் முன்னால் நிறுத்த வேண்டும். ஆபரேஷனுக்குப் பிறகு திரும்பத் தொடுவதாக இருந்தால் இத்தனை செலவு எதற்கு?

இப்போது அடுப்படி. ஆபரேஷனுக்கு முந்தைய இரண்டு வாரம் மாவுச்சத்தும் கொழுப்பும் குறைத்த உணவு கொடுப்போம். ஒரு நாளைக்கு 800 - 1000 கலோரி. இது எடையைக் காட்டுவதற்காக இல்லை, ஈரலுக்காக. ஈரலின் இடது மடல் இரைப்பையின் மேல் கவிந்து கிடக்கும். பருமனானவர்களுக்கு அது கொழுப்பேறி வீங்கியிருக்கும், டாக்டர் அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டுதான் உள்ளே வேலை பார்க்க வேண்டும். இரண்டு வாரம் வாயைக் கட்டினால் ஈரல் சுருங்கி மெத்தென்று ஆகிவிடும். கட்டாவிட்டால் உள்ளே கேமராவைப் போட்டுப் பார்த்த டாக்டர், வேலை செய்ய இடமில்லை என்று திரும்ப மூடிவிடவும் கூடும்.

இந்த இரண்டு வாரத்துக்கு முன்னாடி வாரம்தான் மதுரையின் உண்மையான ஆபத்து. இதற்கு நான் வைத்திருக்கிற பெயர் 'கடைசிப் பந்தி'. இனிமேல் சாப்பிட முடியாதே என்று ஊரே சேர்ந்து ஊட்டிவிடும். ஒரு நாள் மாமா வீட்டில் கிடா விருந்து, மறுநாள் நண்பர்கள் கறிதோசை, அடுத்த நாள் ராத்திரி பரோட்டா, சுக்கா. ஒருவர் ஒரே வாரத்தில் நாலு கிலோ ஏறி என் முன்னால் வந்து உட்கார்ந்தார். என் அண்ணனுக்கு இதைச் செய்தது யார் தெரியுமா? எங்கள் அம்மா. நான் ஆலோசகர் என்று போர்டு போட்ட வீட்டிலேயே. அம்மாவை நான் திட்டவில்லை. பிள்ளையின் வயிற்றை நிரப்புவதைத் தவிர வேறு விதத்தில் பாசம் காட்டத் தெரியாத தலைமுறை அது. உங்கள் அத்தையும் அப்படித்தான் இருப்பார் என்று நினைக்கிறேன். அதனால் அவரை ஒதுக்கி வைத்துவிட்டுத் திட்டம் போடாதீர்கள். முதல் ஆலோசனைக்கே கூட்டிக்கொண்டு வாருங்கள். 'சாப்பாடு கொடுக்காதீங்க' என்று சொன்னால் அழுவார். 'காலையில் முட்டை, பதினோரு மணிக்கு மோர், மதியம் மீன், இதையெல்லாம் நேரம் தவறாமல் நீங்கள்தான் பார்த்துக் கொடுக்கணும்' என்று வேலையை ஒப்படைத்தால் கண்ணும் கருத்துமாகச் செய்வார்.

அந்த இரண்டு வாரத்தில் எங்கள் வழக்கம் இப்படி: இட்லி, தோசை, சோறு, பழச்சாறு கிடையாது. கொழுப்பு நீக்கிய பாலில் புரதப் பொடி, முட்டை வெள்ளை, எண்ணெய் அதிகமில்லாத குழம்பிலிருந்து எடுத்த மீன், தோல் நீக்கிய கோழி, சுரைக்காய், பீர்க்கங்காய், கீரை, வெண்ணெய் எடுத்த மோர். முதல் மூன்று நாள் தலைவலியும் எரிச்சலுமாக இருக்கும், கடையில் யாரிடமாவது எரிந்து விழுவார், பொறுத்துக்கொள்ளுங்கள். சுகர் மாத்திரையோடு இப்படிச் சாப்பாட்டைக் குறைத்தால் சுகர் தடாலென்று இறங்கிவிடும், எனவே உணவை மாற்றும் முன்பே மாத்திரையை டாக்டர் மாற்றியிருக்க வேண்டும். டபாக்ளிஃப்ளோசின், எம்பாக்ளிஃப்ளோசின் வகை மாத்திரை அவர் சீட்டில் இருந்தால் அதை முதல் சந்திப்பிலேயே சொல்லுங்கள். ஆபரேஷனுக்குச் சில நாள் முன்னதாகவே அதை நிறுத்த வேண்டும். இல்லாவிட்டால் சுகர் அளவு சாதாரணமாகத் தெரிந்துகொண்டிருக்கும்போதே இரத்தத்தில் அமிலம் ஏறிவிடும்.

பழக்கங்களையும் அப்போதே ஆரம்பியுங்கள். ஒரு வாயை இருபது, இருபத்தைந்து தடவை மெல்லுவது. ஒரு சாப்பாட்டுக்கு இருபது நிமிடம் எடுத்துக்கொள்வது. சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்காமல், அரை மணி முன்னும் அரை மணி பின்னும் இடைவெளி விடுவது. கேட்கச் சுலபம். லோடு இறங்கும்போது ஒரு கையில் பில் புத்தகமும் ஒரு கையில் வடையுமாக நின்று சாப்பிட்டவருக்கு இது ஆபரேஷனை விடக் கஷ்டம்.

ஆஸ்பத்திரியில் பெரும்பாலும் இரண்டு மூன்று நாள்தான். வயிற்றில் நாலைந்து சின்னத் துளைகள். அன்று சாயங்காலமே எழுந்து நடக்கச் சொல்வார்கள், நடக்க வையுங்கள். காலில் இரத்தம் உறைந்து நுரையீரலுக்குப் போகாமல் காக்கிற முதல் மருந்து நடைதான். காற்று அடைத்தது மாதிரி தோள் வலிக்கும், ஓரிரு நாளில் போகும். ஆனால் நாடித்துடிப்பு 120-ஐத் தாண்டி நிற்பது, காய்ச்சல், ஏறிக்கொண்டே போகும் வயிற்று வலி, மூச்சு வாங்குவது, ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்குவது - இதில் எது வந்தாலும் 'கேஸாக இருக்கும், ஓமத்தண்ணி கொடு' என்று உட்காரக் கூடாது. தைத்த இடத்தில் கசிவு இருந்தால் அது வீட்டுக்கு வந்த பிறகும், இரண்டு வாரம் வரைக்கும்கூடத் தலைகாட்டலாம். ஆபரேஷன் செய்த ஆஸ்பத்திரியின் இரவு நேர நம்பரைச் சுவரில் எழுதி ஒட்டுங்கள். பக்கத்து கிளினிக்கில் ஊசி போட்டுக்கொண்டு நேரத்தை வீணாக்கியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

முதல் இரண்டு வாரம் திரவம் மட்டும். வடிகட்டிய பருப்புத் தண்ணீர், காரம் போடாத ரசம், கொழுப்பை எடுத்து வடிகட்டிய ஆட்டுக்கால் சூப், மோர், சர்க்கரை போடாத பால், புரதப் பொடி. ஒரு நாளைக்கு ஒன்றரை லிட்டரிலிருந்து இரண்டு லிட்டர் உள்ளே போக வேண்டும், ஆனால் ஒரு மடக்கு என்பது ஒரு தேக்கரண்டி. நாள் முழுக்கக் குடித்துக்கொண்டே இருந்தால்தான் கணக்கு நிறையும். தேதி உங்கள் கையில் இருந்தால் சித்திரை, அக்னி நட்சத்திரத்தை ஒட்டி வைக்காதீர்கள். மே மாத வெயிலில் முதல் மாதக்காரர்கள் நீர் வற்றி, தலைசுற்றி, ட்ரிப் ஏற்ற வந்து நிற்பது எனக்கு வருஷா வருஷம் பழகிவிட்டது. மூன்றாவது வாரத்திலிருந்து மசித்தது, ஐந்தாவது வாரத்திலிருந்து மென்மையானது, ஒன்றரை இரண்டு மாதத்தில் வீட்டுச் சாப்பாடு. அவசரப்படக் கூடாது.

வீட்டுச் சாப்பாடு என்று சொன்னேனே, நம் ஊரில் சிக்கலே அங்குதான். அவருக்கு ஒரு நாளைக்கு 60 - 80 கிராம் புரதம் வேண்டும். வயிற்றின் கொள்ளளவு அரை டம்ளர். நம் தட்டில் முதலில் என்ன விழுகிறது? இட்லி, பொங்கல், சோறு. இரண்டு இட்லி போனால் வயிறு அடைத்துவிடும், புரதத்துக்கு இடமே இருக்காது. மூன்று மாதம் இப்படி ஓடினால் கொழுப்போடு சேர்ந்து தசையும் கரையும், முகம் ஒட்டி, படி ஏற முடியாமல் போகும். ஆகவே வரிசையைத் தலைகீழாக்குங்கள். முதலில் முட்டையோ மீனோ கோழியோ பனீரோ. அடுத்து காய். இடமிருந்தால் கடைசியாக ஒரு கரண்டி சோறு. ஒரு முட்டையில் 6 கிராம், 100 கிராம் வெந்த கோழியில் 25-க்கு மேல், 100 கிராம் பனீரில் 18 வரை, ஒரு டம்ளர் பாலில் 6 என்று மனக்கணக்காக வைத்துக்கொள்ளுங்கள். முதல் சில மாதம் புரதப் பொடி இல்லாமல் இந்த எண்ணை எட்டவே முடியாது. அது ஜிம்முக்குப் போகிற பையன்கள் சமாச்சாரம் என்று வெட்கப்பட வேண்டாம்.

மதுரைக்காரருக்கு இதில் ஒரு வசதியும் உண்டு. அயிரை மீன் குழம்பு, நாட்டுக்கோழிச் சாறு, ஈரல், சுவரொட்டி என்கிற ஆட்டு மண்ணீரல் எல்லாம் நமக்குப் புதிதில்லை. சுவரொட்டியில் இரும்புச்சத்து கொட்டிக் கிடக்கிறது. எண்ணெயில் வறுக்காமல் மிளகு போட்டு வேகவைத்து, மசிக்கும் கட்டம் வந்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கலாம். சுக்கா மாதிரி காய்ந்து நாராக இருக்கிற கறிதான் மாட்டிக்கொள்ளும். பரோட்டாவும் அப்படித்தான், மாவு உருண்டை மாதிரி திரண்டு குழாயில் உட்கார்ந்துவிடும், வாயில் எச்சில் ஊறி, நெஞ்சு அடைத்து, வாந்தி எடுத்தால்தான் அடங்கும். ஒரு தடவை பட்டால் அவரே தொட மாட்டார். நான் அதிகம் பயப்படுவது தொண்டையில் நிற்காமல் வழுக்கிக்கொண்டு போகிற சமாச்சாரங்களுக்குத்தான்: முறுக்கு, மிக்சர், பிஸ்கட், ஐஸ்கிரீம். இவை எவ்வளவு சின்ன வயிற்றிலும் இடம் பிடிக்கும். இரண்டு மூன்று வருஷம் கழித்து எடை திரும்ப ஏறி என்னிடம் வருபவர்களில் பரோட்டாவால் ஏறியவர் குறைவு, சாயங்காலக் காராபூந்தியால் ஏறியவர்கள் அதிகம்.

இனிப்புக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். ஜிகர்தண்டா, பருத்திப்பால், கரும்புச் சாறு, திருவிழாப் பானகம் எல்லாம் திரவமாக இருப்பதால் 'குடிக்கத்தானே, ஒன்றும் செய்யாது' என்று தோன்றும். பைபாஸ் செய்தவர்களுக்கு, ஸ்லீவ் செய்தவர்களில் சிலருக்கும், இவ்வளவு சர்க்கரை நேராகக் குடலில் போய்க் கொட்டினால் அரை மணிக்குள் படபடப்பு, வியர்வை, வயிற்றைப் பிசைவது, பேதி, 'படுத்துவிட்டால் போதும்' என்கிற சோர்வு எல்லாம் வரும். இதற்கு டம்பிங் என்று பெயர். சிலருக்கு ஒன்றிலிருந்து மூன்று மணி நேரம் கழித்து, ஏறிய சுகர் அதே வேகத்தில் கீழே விழுந்து மயக்கமே வரும், வண்டி ஓட்டிக்கொண்டிருந்தால் என்ன ஆகும்? ஆபரேஷன் முடிந்த நாலாவது மாதம் என் அண்ணன் விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜிகர்தண்டாவில் பாதி குடித்துவிட்டு, ஜவுளிக் கடை வாசல் படியில் அரை மணி உட்கார்ந்திருந்தார். கடைக்காரர் சோடா வாங்கிக் கொடுத்திருக்கிறார், அந்தக் கேஸ் வேறு சேர்ந்துகொண்டது. கேஸ் உள்ள பானம் எதுவும் கூடாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

கல்யாணம், காதுகுத்து, மொய் விருந்து இதெல்லாம் இல்லாத மாதம் நம் பக்கம் ஏது? அதுவும் மொத்த வியாபாரி, பத்துப் பத்திரிகை வரும். இலையில் உட்கார்ந்து பாதியில் மூடினால் அழைத்தவர் முகம் சுருங்கும். எங்கள் ஆட்கள் செய்வதைச் சொல்கிறேன். போகும் முன் வீட்டில் முட்டையோ சுண்டலோ சாப்பிட்டுவிடுவது. மேடைக்குப் போய் மொய்யை எழுதி, போட்டோவுக்கு நின்று, பெரியவர்களிடம் பேசிவிட்டுக் கிளம்புவது. உட்கார்ந்தே ஆக வேண்டுமென்றால் பக்கத்தில் மனைவி உட்கார்ந்து, பரிமாறுகிறவரிடம் முன்பே ஒரு வார்த்தை சொல்லி வைப்பது. "டாக்டர் வயித்துப்புண்ணுன்னு சொல்லியிருக்காரு" என்று ஒருவர் எல்லோரிடமும் சொல்வார். அது பொய்தான், நான் கண்டுகொள்வதில்லை. ஊருக்கெல்லாம் ஆபரேஷனை விளக்கிக்கொண்டிருக்க அவருக்கு என்ன தலையெழுத்து? பழநி பாதயாத்திரை, விரதம் எல்லாம் முதல் வருஷம் வேண்டாம். அடுத்த வருஷம் கேட்டுக்கொண்டு போகலாம்.

மாத்திரைகள் சாகும் வரைக்கும். இதை மட்டும் நான் சிரிக்காமல் சொல்வேன். மல்டி வைட்டமின், பி12, இரும்பு, டி, கால்சியம் சிட்ரேட். கால்சியம் எல்லாம் சேர்த்து நாளுக்கு 1200 - 1500 மில்லிகிராம், பிரித்துப் பிரித்து. கால்சியமும் இரும்பும் ஒன்றையொன்று உறிஞ்ச விடாது, இடையில் இரண்டு மணி நேரம் விட வேண்டும். இரும்பு மாத்திரையைக் காபியோடு போட்டால் அந்த இரும்பு வீண். 'உடம்பு நல்லாத்தானே இருக்கு' என்று இரண்டாவது வருஷத்தில் நிறுத்திவிட்டு, கால் மரத்துப்போய், ஞாபக மறதியோடு வந்தவர்கள் இருக்கிறார்கள், பி12 அடியோடு வற்றியிருக்கும். அதைவிட அவசரம் பி1, அதாவது தயமின்: முதல் மாதங்களில் வாந்தி நிற்காமல் தொடர்ந்தால் தயமின் வேகமாகத் தீர்ந்து, பார்வை இரட்டையாகி, நடை தள்ளாடும். அப்போது சும்மா குளுக்கோஸ் மட்டும் ஏற்றக் கூடாது, முதலில் தயமின். வாந்தி இரண்டு நாள் நின்றபாடில்லை என்றால் ஆபரேஷன் செய்த இடத்துக்கே போங்கள். இரத்தப் பரிசோதனை 3, 6, 12-ஆம் மாதங்களில், பிறகு வருஷத்துக்கு ஒரு தடவை. பித்தப்பையில் கல் சேராமல் இருக்க ஆறு மாதம் ஒரு மாத்திரை கொடுப்பார்கள். மூட்டு வலிக்கு மருந்துக் கடையில் கேட்டு வாங்குகிற டைக்ளோஃபெனாக், ஐப்யூப்ரோஃபென் இனி வேண்டாம், புண் வரும். பாராசிட்டமால் போதும்.

மூன்றாவது மாதம் தலைமுடி கொட்டும். கொத்துக் கொத்தாக வரும்போது பயமாக இருக்கும், ஆனால் வேர் சாகவில்லை. புரதமும் இரும்பும் சரியாக இருந்தால் ஒரு வருஷத்துக்குள் பெரும்பாலும் திரும்பிவிடும். தோல் தொங்குவது அப்படியில்லை, வயிற்றிலும் கையிலும் கொஞ்சம் தங்கிவிடும். இதையெல்லாம் விட மனதைக் குடைவது ஊர் வாய். நம் பக்கம் ஆள் இளைத்தால் யாரும் 'அழகா இருக்கே' என்று சொல்வதில்லை. "என்னப்பா, சுகர் அடிச்சிருச்சா? வியாபாரம் சரியில்லையா? ஏதும் பெரிய வியாதியா?" என்றுதான் கேட்பார்கள். எட்டாவது மாதம் நல்ல ஆரோக்கியத்தில் இருந்த என் அண்ணன், கோயில் வாசலில் ஒரு சித்தப்பா தோளைத் தொட்டுக் கண் கலங்கியதில் இரண்டு நாள் வீட்டை விட்டு வெளியே போகவில்லை. இதை அவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

குடி பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். ஆபரேஷனுக்குப் பிறகு சாராயம் சட்டென்று இரத்தத்தில் ஏறும், நெடுநேரம் இறங்காது. முன்னால் நாலு பெக் தாங்கியவர் ஒன்றில் விழுவார். சாப்பாட்டில் கிடைத்த ஆறுதல் போனதும் குடியில் தேடுகிறவர்கள் சிலர் உண்டு. முதல் வருஷம் ஒரு சொட்டும் கூடாது, அதற்கப்புறமும் வேண்டாம் என்பதே என் கட்சி. இதைப் படிக்கும் பெண்களில் யாராவது தனக்காக யோசித்துக்கொண்டிருந்தால்: ஒரு வருஷத்திலிருந்து ஒன்றரை வருஷம் வரை கர்ப்பத்தைத் தள்ளிப்போட வேண்டும். எடை குறைந்ததும் கரு நிற்கும் வாய்ப்பு கூடும், பைபாஸுக்குப் பிறகு கருத்தடை மாத்திரையை நம்ப முடியாது, எனவே வேறு வழியை மகப்பேறு மருத்துவரிடம் முன்பே பேசிவிடுங்கள்.

எவ்வளவு இறங்கும் என்று கேட்பீர்கள். ஸ்லீவில் ஒரு வருஷத்தில் மொத்த எடையில் நாலில் ஒரு பங்கு, சிலருக்கு அதற்கு மேல். 128 என்பது 90-லிருந்து 96-க்குள் வந்து நிற்கலாம். 70-க்கு வருவேன் என்று கனவு கண்டால் ஏமாற்றம்தான். இரண்டாம் வருஷத்துக்குப் பிறகு கொஞ்சம் ஏறுவது சகஜம். மவுஞ்சாரோ, வெகோவி மாதிரி 2025-ல் இங்கே வந்த, எடை குறைக்கும் வார ஊசிகளைப் போட்டாலே போதாதா என்றும் பலர் கேட்கிறார்கள். அவை நல்ல மருந்துகள், பி.எம்.ஐ. 30-களில் இருப்பவர்கள் முதலில் அதைப் பேசிப் பார்க்கலாம். நிறுத்தினால் பெரும்பாலும் எடை திரும்பும், மாதச் செலவும் உண்டு. 44-ல், சுகரோடு, மூச்சுத்திணறல் சந்தேகத்தோடு நிற்கிறவருக்கு என் ஓட்டு ஆபரேஷனுக்கே. ஊசியை அவர் டாக்டர் முன்னாலோ பின்னாலோ துணைக்குச் சேர்க்கலாம்.

நடைக்கு வண்டியூர் தெப்பக்குளத்தைச் சுற்றி வாருங்கள், காலை ஐந்தரைக்கு, இருவருமாக. ஆறு வாரம் தாண்டியதும் டாக்டரைக் கேட்டுக்கொண்டு சின்ன எடை தூக்கும் பயிற்சியும் சேர்க்கலாம். கடையில் மூட்டை தூக்குவது அதில் சேராது, முதல் ஆறு வாரம் ஒரு குடம் தண்ணீர்கூடத் தூக்கக் கூடாது. கணக்குப்பிள்ளையிடம் இப்போதே சொல்லி வையுங்கள், தீபாவளிச் சரக்கு வரும் மாதத்தில் தேதி வைக்காதீர்கள்.

இந்த வாரம் இரண்டு வேலை முடியுங்கள். தூக்கப் பரிசோதனைக்கு நேரம் வாங்குங்கள். அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது அத்தையை முன் நாற்காலியில் உட்கார வையுங்கள். அவர் கேட்கிற முதல் கேள்வி அநேகமாக "அப்போ என் பிள்ளை இனிமே வயிறாரச் சாப்பிடவே மாட்டானா?" என்பதாக இருக்கும். ஆறாவது மாதம் ஒரு முட்டையும் அரைக் கிண்ணம் கோழியும் சாப்பிட்டுவிட்டு அவர் ஏப்பம் விட்டு எழுந்திருப்பார் என்று சொல்லுங்கள். என் அம்மா முதலில் நம்பவில்லை.